கல்யாணத்துக்கு ஒரு துணிப்பை

நவம்பர் 17, ஞாயிறு

மகள் எழிலரசிக்கு இன்று நிச்சயதார்த்தம் முடிந்தது. மாப்பிள்ளை தீபக்ராஜ் சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அவருடைய அப்பா வைரக்கண்ணுவுக்குக் கும்பகோணத்தில் அரிசி ஆலை. கல்யாணம் பிப்ரவரி 10. எல்லாம் திருப்தி, ஒன்றைத் தவிர.

சம்பந்தி வீட்டார் சீர்வரிசைப் பழங்களைக் கேரி பேக்கில் கொண்டுவந்தார்கள். விரலால் தேய்த்தாலே போதும், தடை செய்த ரகமா இல்லையா என்று சொல்லிவிடுவேன். நகராட்சியில் முப்பத்தொரு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன். இந்த ஊர்க் கடைத்தெருவில் மாசிலாமணியாகிய நான் பறிமுதல் செய்த பிளாஸ்டிக்கைக் குவித்தால் தேர் உயரம் வரும். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் நான் கடைக்குள் நுழைந்தால் வியாபாரிகள் கையில் இருப்பதைக் கல்லாவுக்குக் கீழே தள்ளுகிறார்கள். அப்படிப்பட்டவன் வீட்டுக் கூடத்தில் இன்று பதினொரு கேரி பேக்.

என் முகத்தை மனைவி தமயந்தி பார்த்துவிட்டாள். "இன்னிக்கு ஒரு நாள் வாயத் தொறக்காதீங்க" என்று காதோடு சொன்னாள். திறக்கவில்லை. எண்ண மட்டும் செய்தேன்.

முடிவு எடுத்துவிட்டேன். என் மகள் கல்யாணத்தில் பிளாஸ்டிக் ஒரு துண்டு இருக்கக் கூடாது. தாம்பூலம் துணிப்பையில்தான். எந்தப் பை என்பதை நானே சோதித்துத் தேர்ந்தெடுப்பேன். எழிலிடம் சொன்னேன். "சரிப்பா" என்றாள். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அவள் அம்மா கேட்டபோதும் "சரிம்மா" என்றுதான் சொன்னாள். அடக்கமான பெண்.

நவம்பர் 21, வியாழன்

மாதிரிகள் வந்தன. மொத்தம் ஆறு.

பளபளவென்று துணி மாதிரி இருக்கும் ஒன்று இப்போது எல்லாத் துணிக்கடையிலும் தருகிறார்கள். அதன் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினேன். சொட்டுச் சொட்டாக உருகியது. அதாவது அதுவும் பிளாஸ்டிக். இந்த உண்மையை நிரூபித்ததில் சாப்பாட்டு மேசை விரிப்பில் மூன்று ஓட்டை விழுந்தது. தமயந்தி அதைப் பெரிய விஷயமாக்கினாள்.

சணல் பை உறுதி. ஆனால் மழையில் நனைந்த கோணி வாடை, நார் பட்டுப்புடவையில் சிக்குகிறது. காகிதப் பை ஒரு தேங்காய்க்கே வாய் பிளந்துவிட்டது.

நவம்பர் 22, வெள்ளி

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய கேரி பேக். அதற்குள் ஏறக்குறைய இருநூறு கேரி பேக். "இது என்ன?" என்றேன். "தேவப்படும்" என்றாள் தமயந்தி. பதிவுக்காக மட்டும் எழுதி வைக்கிறேன். மேல் நடவடிக்கை இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

எடைச் சோதனை. கெட்டிக் காடாத் துணியில் தைத்த பையில் எட்டுக் கிலோ அரிசியைப் போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டினேன். காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை. தையல் பிரியவில்லை, காது இழுபடவில்லை.

"ஒலை கொதிக்குது. ஆராய்ச்சி முடிஞ்சா அரிசியக் குடுங்க" என்றாள் தமயந்தி. இந்த வீட்டில் விஞ்ஞான மனப்பான்மை குறைவு.

அடுத்து நடைச் சோதனை. பையின் காது நீளம் தோளில் மாட்ட ஏற்றதா என்று தெரியவேண்டும். எழிலைப் பையோடு மொட்டைமாடியில் நடக்கச் சொன்னேன். பாதியில் மாப்பிள்ளை வீடியோவில் வந்துவிட்டார். எங்கே இருக்கிறாய், பக்கத்தில் யார், கேமராவைச் சுற்றிக் காட்டு என்று கேட்டார். எழில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, என்னை, எல்லாம் காட்டினாள். ஒரு மணி நேரத்தில் நான்கு முறை இப்படி. கல்யாணத்துக்கு முன்பே இவ்வளவு அக்கறை! எனக்கும் தமயந்திக்கும் நிச்சயம் ஆன பிறகு ஐந்து மாதம் ஒரு கடிதம்கூட நான் போடவில்லை.

காது நீளம் சரியாக இருக்கிறது. இருபத்திரண்டு அங்குலம்.

நவம்பர் 30, சனி

இன்று எனக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. அழைப்பிதழ் தனி, பை தனி எதற்கு? அழைப்பிதழையே பையில் அச்சடித்துவிட்டால்? காகிதம் மிச்சம். அழைப்பிதழை மறுநாளே பழைய பேப்பரில் போடுகிறார்கள். பையைப் போட முடியாது. பத்து வருடம் கடைத்தெருவில் உலாவும்.

தேரடி நாகூர்கனியின் அச்சகத்துக்குப் போனேன். பத்து வருடம் முன்பு அவர் கடையில் நான் பறிமுதல் செய்திருக்கிறேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாமல் நாற்காலி போட்டார். நாலு வகை மையில் துண்டுத்துணியில் அடித்துத் தந்தார். வீட்டில் ஒவ்வொன்றையும் சலவை சோடாவில் ஊறவைத்து, கல்லில் அடித்து, வெயிலில் காயவைத்து, மறுபடியும் ஊறவைக்கிறேன். எது கடைசிவரை நிற்கிறதோ அந்த மை.

டிசம்பர் 3, செவ்வாய்

மூன்றாம் எண் மை தேர்வு. இருபது சலவைக்குப் பிறகும் ஒரு புள்ளி மங்கவில்லை. துண்டுத்துணி கிழிந்துவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது.

வாசகம் எழுதிச் சம்பந்திக்கு அனுப்பினேன். மாலையில் போன் வந்தது.

"எல்லாம் பிரமாதம் சம்பந்தி. ஆனா பொண்ணு வரி மாப்பிள்ள வரிய விட நீளமாப் போவுதே. பாக்க நல்லாருக்காது."

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். 'எழிலரசி, எம்.எஸ்ஸி. அக்ரி, வேளாண்மை அலுவலர், விதைப் பரிசோதனை நிலையம்' என்று வரி ஓரம்வரை போகிறது. மாப்பிள்ளை வரி பாதியில் நிற்கிறது. அழகியல் நோக்கில் சரியான கருத்து. வேலையை எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

சம்பந்தி மறுபடி. "பி.இ.க்குக் கீழ எம்.எஸ்ஸி.ன்னு போட்டா நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்க. தீபக்குக்கும் அவ்வளவா இஷ்டமில்ல."

படிப்பையும் எடுத்தேன். எழுத்து குறைந்தால் மை குறையும். சுற்றுச்சூழலுக்கும் நல்லது.

எழிலிடம் திருத்திய வாசகத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "பேரு இருக்குல்லப்பா?" என்று கேட்டாள். இருக்கிறதே என்று காட்டினேன். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

நாகூர்கனி கடைசியாக ஒரு முறை சரிபார்க்கச் சொன்னார். "பொண்ணு பட்டத்த எடுத்துட்டீங்க. கீழ உங்க பேருக்கு முன்னாடி 'நெகிழி ஒழிப்புச் செம்மல்'னு இருக்கே சார், அது?"

அது வர்த்தகர் சங்கம் எனக்கு மேடையில் வைத்துக் கொடுத்த பட்டம். "அது இருக்கட்டும்" என்றேன்.

"நெனச்சேன்" என்றார்.

டிசம்பர் 12, வியாழன்

எண்ணூறு பை வந்துவிட்டது. மஞ்சள் துணியில் அரக்குச் சிவப்பு எழுத்து. கூடத்தில் அடுக்கி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தையலைப் பார்த்தேன். பழுது ஒன்றுகூட இல்லை. என் உத்தியோக வாழ்க்கையில் இப்படி ஒரு சரக்கைக் கண்டதில்லை.

மார்கழி பிறப்பதற்குள் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு

மூன்று நாளில் நானூற்று அறுபது பை கொடுத்தாகிவிட்டது. கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நிமிடம் பேசினேன். "இத அழைப்பிதழ்னு அலமாரியில வெச்சிடக் கூடாது. ஐந்நூறு தடவையாவது கடைக்குக் கொண்டு போகணும்" என்று கையெழுத்து வாங்காத குறையாகச் சொன்னேன். தமயந்தி இரண்டாம் நாளிலிருந்து வாசலிலேயே நின்றுகொண்டாள்.

பலன் உடனே தெரிகிறது. இன்று மீன் மார்க்கெட்டில் ஒருவர் என் மகள் பெயருக்குள் இரண்டு கிலோ சங்கராவைப் போட்டுக்கொண்டு போனார். முகூர்த்த நேரத்தின்மேல் கொஞ்சம் ரத்தம். ஆனாலும் பெருமையாக இருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

எழில் கேட்டாள்: "எத்தன பேருக்குக் குடுத்திருக்கீங்கப்பா?"

சொன்னேன்.

"மிச்சத்தக் கொஞ்ச நாள் கழிச்சுக் குடுக்கலாமே."

ஏன் என்று கேட்கவில்லை. கால் வலியும் இருந்ததால் சரி என்றேன். அவள் இளைத்துவிட்டாள். கல்யாணம் நெருங்கினால் பெண்கள் உடம்பைக் குறைப்பது இப்போது வழக்கமாம். வேலையை விடுவதற்கான ராஜினாமாக் கடிதத்தைக்கூட மாப்பிள்ளையே தயாரித்து அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போட்டால் போதும். அது பத்து நாளாக எழிலின் மேசையில் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

ஜனவரி 2, வியாழன்

மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் சென்னையிலிருந்து வந்து எழில் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். அவள் உடன் வேலை செய்பவரோடு பேசிக்கொண்டே வெளியே வந்தாள். மாப்பிள்ளை அவளுடைய போனைத் தவறுதலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தமயந்தி இதைப் படித்துவிட்டாள். என் நாட்குறிப்பை அவள் படிப்பதில்லை என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். "தவறுதலாவா?" என்றாள். "கையிலேருந்து புடுங்கிக்கிட்டுப் போயிருக்கான். ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதியிருக்கீங்க."

அந்த வரியை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

காலைச் சாப்பாடு முடிந்ததும் எழில் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

நான் சொன்னதை உள்ளபடி எழுதுகிறேன். "பை குடுத்தாச்சேம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. அன்று டீக்கடை வாசலில் நடந்ததைச் சொன்னாள். போனில் இருந்த ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்து, இது யார், இது யார் என்று கேட்டு, ஆண் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தானாம். ஆய்வக உதவியாளர், மேலதிகாரி, பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். தெருவே பார்த்திருக்கிறது. "கடைசில 'அப்பா'ன்னு வந்துச்சுப்பா. அது மட்டும் இருக்கட்டும்னு சொன்னாரு. 'உங்கப்பா நம்ம சொன்னாக் கேப்பாரு'ன்னாரு."

ஊரில் என்ன சொல்வார்கள், நானூற்று அறுபது வீடு, மண்டபம், சமையல்காரர் என்று ஏதேதோ சொன்னேன். தமயந்தி சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அவ்வளவு கவலையா இருந்தா அந்தப் பைக்கு முகூர்த்தம் வெச்சுத் தாலி கட்டச் சொல்லுங்க. எம்பொண்ணு வரமாட்டா."

ஜனவரி 6, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. எழில் வேலைக்குப் போனாள். புதுப் போன் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஜனவரி 8, புதன்

கும்பகோணம் போனேன். சமாதானம் பேசத்தான் போனேன். அதை மறைப்பதில் பயனில்லை. மாப்பிள்ளை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் எழிலிடம் எப்படியாவது பேசிப் பார்க்கலாம் என்று பஸ்ஸில் மூன்று விதமாக வாசகம் தயாரித்து வைத்திருந்தேன்.

வைரக்கண்ணு காபி கொடுத்து உட்காரவைத்தார். நான் போன் விஷயத்தைத் தொடங்கியதும் சிரித்துவிட்டார்.

"இதுக்கா இவ்வளவு தூரம்? என்னா சம்பந்தி நீங்க! வேலைய எடுக்கச் சொன்னோம், எடுத்தீங்க. படிப்ப எடுக்கச் சொன்னோம், எடுத்தீங்க. ஒரு நாளு அவ போன அவன் எடுத்தா மட்டும் பெரிசாயிடுச்சா?"

கேலியாகச் சொல்லவில்லை. நட்போடுதான் சொன்னார். நாங்கள் இருவரும் ஒரே கட்சி என்பதுபோல என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

மூன்று வாசகத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. காபி பாதி இருந்தது. கீழே வைத்தேன். "கல்யாணம் இல்லீங்க" என்றேன். "என்னது?" என்றார். "இல்லீங்க. நிறுத்திக்கலாம்." அப்புறம் அவர் கத்தியது தெருமுனைவரை கேட்டது. மன்னிப்புக் கேட்காமல் ஒரு வீட்டை விட்டு வெளியேறியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். வலது காலில் என் செருப்பு, இடது காலில் வைரக்கண்ணுவுடையது. திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பைகளைத் திரும்ப வாங்கும் பணி. நாலு நாள் அலைச்சல். வாங்கியது ஒன்பது.

கறிக்கடை ஆசைத்தம்பி முகத்துக்கு நேராகச் சொன்னான்: "நீங்கதானே சார் ஐந்நூறு தடவ கொண்டு போவணும்னீங்க? இப்பத்தான் முப்பது ஆயிருக்கு."

மாவு மில் அம்மாள் தரவே மாட்டேன் என்றாள். கோதுமை ஐந்து கிலோ போட்டாலும் தாங்குகிறதாம். "கல்யாணம் நின்னா என்னங்க, பை நல்லாத்தானே இருக்கு?" என்றாள். ஓர் ஓய்வுபெற்ற தாசில்தார் மட்டும் துவைத்து இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் வீட்டுக் கொல்லையில் கேரி பேக் பறந்துகொண்டிருந்தது.

முப்பது வருடமாக இந்த ஊர் நான் சொன்ன ஒன்றையும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டுவிட்டது.

ஜனவரி 23, வியாழன்

பையில் இருக்கும் எழுத்துக்கு மேலே வேறு ஏதாவது அடித்து மறைக்க முடியுமா, பிளீச்சிங் பவுடரில் போட்டால் போகுமா என்று நாகூர்கனியிடம் கேட்டேன்.

"துணி போயிடும் சார். எழுத்து போவாது. நீங்க சோதன போட்டு எடுத்த மை." பிறகு ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு சார். மூத்தது ஒரு நாளு வந்து வேணாம்னு சொல்லுச்சு. நான் கேக்கல. பத்திரிக்க அடிச்சாச்சுன்னு சொன்னேன். நம்ம கடையில அடிச்சதுதான்."

டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

கொடுக்காத முந்நூற்று நாற்பது பையையும் எழில் உட்புறம் வெளியே திருப்பி ஆய்வகத்துக்குக் கொண்டு போகிறாள். விதைநெல் மாதிரிகளைப் போட்டு வைக்க நல்ல பையாம். காற்று போகிறதாம். என் தேர்வைப் பற்றி இந்த வீட்டில் வந்த முதல் நல்ல வார்த்தை.

பிப்ரவரி 10, திங்கள்

சேதி எட்டாதவர்கள் பையைப் பார்த்து வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் காலை ஐந்தரைக்கே மண்டபத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். கேட் பூட்டியிருந்தது. ஆறு மணிக்கு வேதாரண்யத்திலிருந்து ஒரு வேன். என் ஒன்றுவிட்ட தம்பி குடும்பம், பதினொரு பேர். எல்லோரும் பட்டு. தம்பி கையில் பை. நம்பர் மாற்றிவிட்டானாம், என் போன் போய்ச் சேரவில்லை.

பூட்டிய கேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தேதி தப்பாண்ணே?" என்றான்.

"தேதி சரிதான்" என்றேன்.

வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். தமயந்தி அண்டா நிறைய இட்லி மாவு கரைத்து வைத்திருந்தாள். யாராவது வருவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் சொல்லவில்லை. கூடத்தில் இலை போட்டோம். தம்பி மனைவி நாலாவது இட்லியில் தைரியம் வந்து கேட்டாள்:

"கல்யாணப் பொண்ணு எங்கக்கா?"

அப்போதுதான் சமையலறையிலிருந்து சட்னித் தூக்கோடு வந்த எழில் சொன்னாள்: "நான்தான் சித்தி. இன்னும் ரெண்டு வைக்கவா?"

சித்திதான் முதலில் சிரித்தாள். "வை, வை" என்றாள். கொஞ்ச நேரத்தில் கூடமே கல்யாண வீடு மாதிரி இரைச்சலாகிவிட்டது. மொய் எழுத யாரும் இல்லாததால் அவர்கள் கொண்டுவந்த குத்துவிளக்கை எழில் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ஒன்பதரைக்கு அவள் ஸ்கூட்டியில் வேலைக்குப் போனாள். பதினொரு பேரும் தெருவில் நின்று கையசைத்தார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

கீரைக்கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண் கையில் நம் பை. எனக்குத் தெரியாத பெண். கீரைக்காரி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"எழிலரசியா? இந்தப் பொண்ணுதான ஓடிப்போயிடுச்சு?"

"அப்பிடித்தான் சொல்றாங்க. எவனோடயோ" என்றாள் அந்தப் பெண்.

இரண்டு மாதமாக இந்த மாதிரி இடங்களில் நான் செய்வது ஒன்றுதான். திரும்பி வேறு கடைக்குப் போய்விடுவேன். இன்றும் திரும்பினேன். நாலடி போய் நின்றேன். மறுபடி வந்தேன்.

"ஓடிப்போகலம்மா. எம்பொண்ணுதான் அது. மாப்பிள்ள சரியில்ல, வேணாம்னுச்சு. நான்தான் அதப் புரிஞ்சுக்க ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டேன்."

பையை வைத்திருந்த பெண் அதைப் புடவைக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். "இருக்கட்டும்மா, நல்ல பைதான்" என்றேன்.

கீரைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நிறுத்துனது நீங்களா, பொண்ணா?"

"பொண்ணு."

"கெட்டிக்காரப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு, "முருங்கக்கீர எளசா இருக்கு, எடுத்துக்குங்க" என்றாள்.

இரண்டு கட்டு வாங்கினேன். பை கொண்டுபோக மறந்திருந்தேன். கடைத்தெரு நீளத்துக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் இலை உதிர்ந்துகொண்டே வந்தது.